பொறுப்பில் இருப்பவருக்குப் பயம் வந்தால்…
வாசகர் கேள்வி – பதில்

குழு, பட்டறை, ஊராட்சி என்று ஏதோ ஓர் இடத்தில் முன்னால் நிற்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். முடிவு எப்படி வரும் என்று தெரியாதபோது எப்படி அடியெடுத்து வைப்பது என்பதுதான் நான்கிலும் கேள்வி.

எங்கள் மகளிர் குழுவில் 15 பேர். ஒன்பது வருடமாக நான்தான் ஊக்குநர். வாங்கிய கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இப்போது வங்கியில் 6 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். மரச்செக்கு போடலாம் என்று பாதிப் பேர் நிற்கிறார்கள். ஓடாவிட்டால் 15 பேரும் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– வாசகி, ஓமலூர் வட்டம்

உடனே வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், சரி என்றும் சொல்லாதீர்கள். நடுவில் மூன்று மாத வேலை இருக்கிறது.

முதலில் உங்கள் பயத்தைப் பிரித்துப் பாருங்கள். சொத்து போய்விடுமா, தவணை கட்ட முடியுமா, பழி யார் தலையில் விழும் என்று மூன்று பயம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சொத்து விஷயம் எளிது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் வரும் சுயஉதவிக் குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி எந்த அடமானமும் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தையும் அதற்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டுப் பத்திரம், நகை எதுவும் உள்ளே வராது. ஆனால் தவணை நின்றால் குழுவுக்கு அடுத்த கடன் கிடைக்காது. உறுப்பினர்களின் கடன் வரலாற்றிலும் அது ஏறும். நாளைக்கு யாராவது தனியாகக் கடன் கேட்டுப் போனால் அங்கே இடிக்கும். இதைக் கூட்டத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தவணை. 6 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 36 மாதத்தில் கட்டினால் மாதம் ஏறத்தாழ 19,360 ரூபாய். 15 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,290. கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “செக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை என்று வைத்துக்கொள். இந்த 1,290-ஐ உன் கூலியிலிருந்து எத்தனை மாதம் கட்டுவாய்?” பதிலைப் பேருக்கு நேராக எழுதுங்கள். பெரும்பாலோர் இரண்டு மாதம், மூன்று மாதம் என்றால் கடன் உங்கள் குழுவின் தாங்குதிறனை மீறியது என்று பொருள். அதே வட்டியில் 2 லட்சம் என்றால் தலைக்கு 430 ரூபாய்தான் வரும். வங்கி 6 லட்சம் தருகிறது என்பதற்காக 6 லட்சத்தையும் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மேலாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

இனி செக்கு. இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் பக்கத்து ஊரில் ஓடுகிற செக்கில் கூலிக்கு ஆட்டிப் பாருங்கள். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு போட்டால் 40 கிலோ எண்ணெய் எதிர்பார்க்கலாம். லிட்டர் கணக்கில் சுமார் 44. பிண்ணாக்கு 50 கிலோவுக்குக் குறையாது. பருப்பு கிலோ 130 என்று வைத்தால் 13,000 ரூபாய். ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 3,000. பிண்ணாக்கைக் கிலோ 40-க்கு விற்று 2,000 வந்தால் மீதி 14,000-ஐ எண்ணெய் தூக்க வேண்டும். லிட்டருக்கு 320 ரூபாய் அடக்கம். இவை கணக்குப் போட்டுக் காட்டுவதற்கான விலைகள். உங்கள் சந்தை விலையை நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் பாக்கெட் எண்ணெயின் விலையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வித்தியாசத்தைக் கொடுத்து வாங்க உங்கள் ஊரில் எத்தனை வீடு இருக்கிறது என்பதுதான் தொழிலே.

பிசகுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். சொத்தைப் பருப்பும் பூஞ்சை பிடித்ததும் பொறுக்காமல் போனால் எண்ணெய் கசக்கும். பூஞ்சை உடம்புக்கும் கேடு. ஆட்டிய எண்ணெயை வாயகன்ற பாத்திரத்தில் துணி கட்டி மூன்று நான்கு நாள் வெயிலில் தெளிய விடாமல் பாட்டிலில் அடைத்தால் அடியில் கசடு தங்கிச் சீக்கிரம் காறிவிடும். மூன்றாவது இடம், “அடுத்த மாசம் தர்றேன்க்கா” என்று வாங்கிப் போகிறவர்கள். முதல் தடவை சொந்தக்காரர்களும் குழுக்காரர்களும் முகத்துக்காக வாங்குவார்கள். அந்த விற்பனையை நம்ப வேண்டாம். இரண்டாவது பாட்டிலுக்கு ரொக்கத்தோடு திரும்பி வந்தவர்களை மட்டும் தனி நோட்டில் எழுதுங்கள்.

மாதம் ஒரு முறையாக மூன்று முறை ஆட்டினால் உங்கள் கையில் ஒரு பதில் இருக்கும்.

மிச்சம் இருப்பது பழி. தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். தீர்மானப் புத்தகம் எதற்கு இருக்கிறது? பல குழுக்களில் “கடன் வாங்க ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது” என்று ஒரு வரி எழுதி வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நஷ்டம் வந்ததும் “ஊக்குநர் சொன்னார், நாங்கள் போட்டோம்” என்ற பேச்சு அந்த ஒரு வரியில்தான் பிறக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“குழு நிதியிலிருந்து ரூ.16,000 எடுத்து 100 கிலோ பருப்பு ஆட்டிப் பார்ப்பது. விற்று வரும் பணத்தில்தான் அடுத்த தடவை ஆட்டுவது. மொத்த நஷ்டம் ரூ.8,000-ஐத் தொட்டால் அன்றே நிறுத்துவது. அந்த நஷ்டம் குழு நிதியில் கழியும், தனியாக யார் மேலும் விழாது. மூன்றாவது முறை ஆட்டியதில் 30 லிட்டராவது ரொக்கத்துக்கு விற்காவிட்டால் இயந்திரம் வாங்கும் பேச்சு இல்லை. இதற்கு உடன்படாதவர்கள்: …”

கடைசி வரியைக் காலியாக விடாதீர்கள். உடன்படாதவர் இருந்தால் அவர் பேரும் காரணமும் அதில் வர வேண்டும். அவர் சொல்லும் காரணம் பல நேரம் மற்றவர்கள் பார்க்காத ஓட்டையாக இருக்கும். கூட்டத்துக்கு வராதவர்களிடம் வீட்டில் போய்க் கையெழுத்து வாங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டி வாங்குங்கள்.

நிறுத்துவது என்று முடிவானால்? 8,000 ரூபாயை 15 பேருக்குப் பிரித்துப் பாருங்கள், தலைக்கு 533 ரூபாய். அதற்காக யாரும் உங்கள் வாசலுக்கு வரமாட்டார்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். எட்டு மாதமாக சூப்பர்வைசர். நேற்றுவரை பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்கள் இப்போது என் பேச்சைக் கேட்பதில்லை. மணிக்கு 100 பீஸ் கேட்கிறார்கள், 65-தான் வருகிறது. பழையபடி மெஷினுக்கே போய்விடலாமா?
– வாசகர், திருப்பூர்

மெஷினுக்குப் போவது கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் 65-க்குக் காரணம் நீங்கள்தானா என்று பார்க்காமல் போகாதீர்கள்.

போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து பீஸ் நேரம் எடுத்துச் சராசரி போடுங்கள். டெய்லரிடம் முதலில் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். சொல்லாமல் பின்னால் நின்று எடுத்தால் ரேட்டைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு மதியத்துக்குள் லைன் முழுக்கப் போய்விடும். ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் தோள் சேர்க்க 20 நொடி, கழுத்து ரிப் வைக்க 45, கை ஏற்ற 40, பேட்லாக் மெஷினில் பாட்டம் மடிக்க 30 என்று வருகிறது என்று வைப்போம். கழுத்துக்கு ஒரே மெஷின் என்றால் ஒரு மணி நேரத்தின் 3,600 நொடியை 45-ஆல் வகுக்க 80. நூல் அறுவது, தண்ணீர் குடிக்கப் போவது, பண்டல் மாற்றுவது இவற்றுக்கு 15 சதவீதம் கழித்தால் 68. நீங்கள் எடுப்பது 65. ஆக உங்கள் லைன் நன்றாகத்தான் ஓடுகிறது, மேலே கேட்கிற 100 என்ற எண்தான் தப்பு. கழுத்துக்கு இரண்டாவது மெஷின் போட்டால் அடைப்பு கை ஏற்றும் இடத்துக்கு நகரும். அங்கே ஒரு மெஷினுக்கு 76-தான். 100 வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் கூடுதல் ஆள் வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். “பசங்க வேலை செய்யலைங்க” என்று போகிறவரும் இந்தத் தாளோடு போகிறவரும் ஒன்றல்ல. உங்கள் ஆட்களுக்கும் அது தெரியவரும்.

ஆட்களை இடம் மாற்றிப் போடும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். புதிய ஏற்பாட்டில் முதல் இரண்டு நாள் பீஸ் குறையத்தான் செய்யும். கை பழக வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அது நேரே சம்பளத்தில் விழுகிற அடி. போன வாரச் சராசரிக்குக் குறையாமல் அந்த இரண்டு நாள் கூலியைத் தர மேனேஜரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மாற்றத்தைத் தொடவே வேண்டாம். உங்கள் சோதனைக்கு அவர்கள் பணம் கட்டுவது நியாயமில்லை. ஷிப்மென்ட் வாரத்திலும் தொடாதீர்கள்.

பேச்சு விஷயம்: முன்பு “வாடா போடா” என்று பழகியவரிடம் திடீரென்று “வாங்க போங்க” வேண்டாம், செயற்கையாக இருக்கும். தப்பை மட்டும் லைனில் வைத்துச் சொல்லாதீர்கள், டீ நேரத்தில் தனியாகச் சொல்லுங்கள். ஆறு வாரம் இப்படிப் பார்த்துவிட்டு, அப்போதும் மெஷின்தான் நிம்மதி என்று தோன்றினால் தாராளமாகப் போகலாம்.

ஆள்களுக்கு முன்னால் “எனக்குத் தெரியாது” என்று சொன்னால் மரியாதை போய்விடாதா?
– வாசகர், விருதுநகர்

வெறுமனே சொன்னால் போகும். தேதியோடு சொன்னால் போகாது. “தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பதில் கிடைக்காவிட்டாலும் “இன்னும் கிடைக்கவில்லை” என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மரியாதை கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்.

ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தேன். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தலில் எங்கள் ஊர் யாருக்கு ஒதுக்கீடாகும், நான் நிற்க முடியுமா, நின்றால் ஜெயிப்பேனா, எதுவும் தெரியவில்லை. ஆரம்பித்த வேலைகள் பாதியில் நிற்கின்றன. ஒதுங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

தேர்தல் உங்கள் கையில் இல்லை, அதை ஓரமாக வையுங்கள். பதவி இல்லாவிட்டாலும் வாக்காளர் என்ற முறையில் கிராம சபை உங்களுக்கு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. தலைவராக இருந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கப் பழகுவதும் ஒரு பயிற்சிதான், அதுவும் கொஞ்சம் கசக்கும் பயிற்சி.

பாதியில் நிற்பவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். குடிநீர் நல்ல தேர்வு. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சோதிக்கும் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், அட்டையோடு ஒப்பிடலாம். நிறமே வராவிட்டால் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடவில்லை, அல்லது மூட்டையைத் திறந்து போட்டு வீரியம் போய்விட்டது. வாரம் ஒரு நாள் அதே குழாயில் பார்த்துத் தேதியோடு எழுதிவாருங்கள். கிராம சபையில் “தண்ணீர் சரியில்லை” என்று கத்துவதைவிட எட்டு வாரக் குறிப்பை நீட்டுவது வேலை செய்யும். தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சியைப் பார்த்துக்கொள்ளும் தனி அலுவலரும் அதைத் தட்ட முடியாது.

உங்கள் ஊர் மக்கள்தொகை 501 முதல் 3,000-க்குள் என்றால் சபைக்கு 100 பேர் வேண்டும். அந்த எண்ணிக்கையை நிரப்ப, வந்ததும் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. நீங்கள் தலைவராக இருந்தபோது அது வசதியாகக்கூட இருந்திருக்கலாம். இப்போது, தீர்மானத்தை வாசித்த பிறகே கையெழுத்து என்று எழுந்து சொல்ல ஊரில் ஒருவர் வேண்டும். தனியாக எழுந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். குடிநீர்க் குறிப்பு எடுக்கும்போது கூட வந்த நான்கு பெண்களை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். உங்களோடு சேர்த்து ஐந்து பேர் எழுந்தால் வாசிப்பார்கள்.