மூச்சடக்கும்போது உடம்பு எதில் ஓடுகிறது?

வணக்கம் சார்,

எங்கள் ஊர் பாம்பன் பக்கம் சின்னப்பாலம். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். ஆக்ஸிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து 38 ஏடிபி (செல்கள் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு), இல்லாவிட்டால் 2 என்று பள்ளியில் படித்தேன். அப்படியானால் அம்மா மூழ்கியிருக்கும்போது அந்த 2-ஐ வைத்துத்தான் அவர் உடம்பு ஓடுகிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. மூச்சை அடக்கினாலும் நுரையீரலிலும் ரத்தத்திலும் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருக்கிறது. முகம் தண்ணீரில் பட்டதும் இதயத் துடிப்பு குறையும். கை கால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிடும். நெருக்கடியெல்லாம் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிற கைக்கும், உதைக்கிற காலுக்கும்தான்.

குளுக்கோஸை இரண்டாக உடைக்கும் 10 படிகளுக்கு ஆக்ஸிஜன் தேவையே இல்லை. அந்த 2 ஏடிபி அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் உடையும்போது கழன்று வரும் எலக்ட்ரான்களை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியாது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கடைசி ஆளாக நின்று அவற்றை வாங்கித் தண்ணீராவதுதான் ஆக்ஸிஜனின் வேலை. பலரும் நினைப்பதற்கு மாறாக, அது சர்க்கரையைத் தொடுவதே இல்லை. ஆக்ஸிஜன் போதாத தசையில், உடைந்த துண்டான பைருவேட்டே எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு லாக்டேட் ஆகிறது.

உங்கள் பக்கத்துப் பனையிலும் இதே கதைதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீரில் ஈஸ்ட் பெருகி, அதே 10 படிகளில் சர்க்கரையை உடைத்து, எலக்ட்ரான்களை ஆல்கஹாலின் தலையில் கட்டிவிடும். கள்ளின் போதை ஈஸ்ட் வெளியே தள்ளிய கழிவு!

அம்மா மேலே வந்து மூச்சு வாங்கும்போது லாக்டேட் வீணாவதில்லை. இதயம் அதையே எரிபொருளாக்கும். கல்லீரல் ஒரு பங்கை மறுபடி குளுக்கோஸாக்கும். இதை விளக்கிய கோரி தம்பதி 1947-இல் நோபல் பெற்றார்கள். அப்புறம், அந்த 38 பழைய கணக்கு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் வெளியேயும் பொருட்களைக் கொண்டுபோகும் செலவெல்லாம் போக இப்போது 30 முதல் 32 என்கிறார்கள். சென்னையில் மருத்துவம் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ், 1929-இல் ஏடிபியைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஒன்றை அம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள். மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடக் கூடாது. நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு சேர்வதால்தான். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், மூச்சு முட்டாமலே ஆக்ஸிஜன் தீர்ந்து தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிடும்.