தினமும் கோலம் போட்டும் மனம் உள்ளே திரும்பவில்லையா?

போனைப் பார்த்துப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். யாரோ முடித்துவைத்த கோலத்தை நகலெடுக்கும்போது கண்ணுக்கு மட்டும்தான் வேலை. மனசு வேறெங்கோ சுற்றும். உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு வாரம் சிக்குக் கோலம் மட்டும் போட்டுப் பாருங்கள். நேர்ப்புள்ளி, அதாவது புள்ளிகள் ஒன்றுக்கு நேராக ஒன்று: நடு வரிசையில் 5, அதற்கு இரு பக்கமும் 3, 1. மாதிரி வேண்டாம். புள்ளியைத் தொடாமல், அதைச் சுற்றிக் கம்பியை, அதாவது கோட்டை, வளைத்துக்கொண்டே போங்கள். எங்கே திரும்புவது என்று கை தயங்கும் இடத்தில் மனசு என்ன சொல்கிறது? ‘தப்பாகிடும்’, ‘எதிர்வீட்டு அக்கா பார்ப்பாங்க’... அதைக் கவனியுங்கள். நீங்கள் தேடுவது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படம் எடுத்து இணையத்தில் போடவும் வேண்டாம்.

எல்லாக் கோலமும் ஒரே கம்பியில் முடியாது. சிலவற்றுக்கு இரண்டு மூன்று சுற்று வேண்டும். அதற்காக நொந்துகொள்ளாதீர்கள். முட்டிவலி இருந்தால் சிலேட்டில் சாக்பீஸ் போதும். எறும்புக்குத்தான் அரிசிமாவு நஷ்டம்.