அறுவை சிகிச்சைக் கத்தரிக்கோலைக் கழற்றி மாட்டும்படி ஏன் வடிவமைக்கிறார்கள்?

மறுபயன்பாட்டு அறுவைக் கருவி என்றால், ஒருவருக்குப் பயன்படுத்தியதைக் கழுவி, கிருமி நீக்கி, அடுத்தவருக்கும் எடுப்பது. ஆட்டோகிளேவில் (அழுத்தமான நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) 134 டிகிரி செல்சியஸ் வரை நீராவி ஏறும். ஆனால் அது தொடுகிற இடத்தில்தான் கிருமி சாகும்.

சிக்கலே மூட்டில்தான். இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் ரத்தம் புகுந்து காய்ந்துவிடும். மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியில் சட்னி ஒட்டிக்கொள்கிற மாதிரி. மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இரண்டு பாதியும் தனித்தனியே கழன்று வந்தால் இடுக்கே இல்லை. கழுவுபவர் கூர்முனைக்குப் பக்கத்தில் பிரஷை விட்டுத் தோண்டவும் வேண்டாம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: கருவி குத்தி ஹெபடைடிஸ் பி தொற்றும் ஆபத்து டாக்டருக்கு மட்டுமல்ல, கழுவும் ஊழியருக்கும் உண்டு.

அப்புறம், ‘அதான் நீராவியில் வைக்கிறோமே, சரியாகக் கழுவாவிட்டால் என்ன?’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு; காய்ந்த ரத்தத்துக்கு அடியில் இருக்கும் கிருமி பிழைத்துவிடலாம்.