பங்காளி வீட்டு விருந்து: அமெரிக்க அதிபர்களும் பிரிட்டனும் (கேள்வி பதில்)

பிரிட்டிஷ் மன்னரின் விண்ட்சர் கோட்டையில் அமெரிக்க அதிபர் ட்ரம்ப்புக்கு நடந்த விருந்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவன், கேள்வி கேட்டால் வாய் சும்மா இருக்காது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரைக்காரன்: சார், அமெரிக்க அதிபர்கள் எப்போதிலிருந்து வெளிநாடு போக ஆரம்பித்தார்கள்? ஜார்ஜ் வாஷிங்டன் லண்டன் போயிருக்கிறாரா?

வாஷிங்டன் வாழ்நாளில் கடல் தாண்டியது ஒரே தடவை. 1751-ல், பத்தொன்பது வயதில், பார்படோஸ் தீவுக்கு. அதிபரான பிறகு எங்கும் போகவில்லை. அவர் மட்டுமல்ல, 1789-லிருந்து 1906 வரை பதவியில் இருந்த எந்த அதிபரும் வெளிநாட்டுப் பயணம் போனதில்லை. சட்டம் தடுக்கவில்லை, வழக்கம்தான் தடுத்தது. ராஜாவே வேண்டாம் என்று சண்டை போட்டுப் பிரிந்து வந்தவர்கள், தங்கள் தலைவர் ஐரோப்பிய அரண்மனைகளில் போய்க் கைகட்டி நிற்பதை விரும்பவில்லை. கப்பலில் போய்வர வாரக்கணக்கில் ஆகும் என்பதும் ஒரு காரணம்.

வழக்கத்தை உடைத்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். 1906 நவம்பரில் லூசியானா என்ற போர்க்கப்பலில் பனாமா போய்க் கால்வாய் வெட்டும் வேலையைப் பார்த்தார். நல்ல மழைக்காலம். கஷ்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே அந்த மாதத்தில் போனார். மண் தோண்டும் பெரிய நீராவி இயந்திரத்தில் வெள்ளை உடையோடு ஏறி உட்கார்ந்திருக்கும் அவருடைய படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வரும்.

அதிபராவதற்கு முன்னால் லண்டனில் தூதராக இருந்தவர்கள் உண்டு. ஜான் ஆடம்ஸ், மன்ரோ, ஜான் குயின்சி ஆடம்ஸ், வான் ப்யூரன், புக்கானன் என்று ஐந்து பேர். இதில் ஜான் ஆடம்ஸ் பாடுதான் தர்மசங்கடம். சுதந்திரப் போர் முடிந்த கையோடு, 1785 ஜூன் 1-ம் தேதி, யாரை எதிர்த்துச் சண்டை போட்டாரோ அதே மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முன்னால் போய் நின்று வணங்கித் தூதராக அறிமுகம் செய்துகொண்டார். பாகம் பிரித்த பங்காளி வீட்டுக்கு முதல்முறை பத்திரிகை வைக்கப் போவது போல.

தேநீர்ப்பிரியை: அப்படியானால் பதவியில் இருக்கும்போது பிரிட்டனுக்கு முதலில் போன அதிபர் யார்?

உட்ரோ வில்சன். முதல் உலகப் போர் முடிந்து பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு வந்தவர், 1918 டிசம்பர் 26-ம் தேதி லண்டன் வந்து பக்கிங்ஹாம் அரண்மனையில் தங்கினார். அம்மா பிறந்த ஊர் இங்கிலாந்தின் வடக்கே உள்ள கார்லைல். தாத்தா அங்கே பாதிரியாராக இருந்தவர். 29-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊருக்கே போய்த் தேவாலயத்தில் சிறிது நேரம் பேசினார். அம்மாவைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்திருக்குமோ என்று எனக்கொரு கற்பனை, விட்டுவிடுங்கள்.

ஆனால் அதே ஆள் அரண்மனையில், எங்களை உங்கள் உறவினர் என்றோ சகோதரர் என்றோ நினைக்காதீர்கள், நாங்கள் இரண்டும் இல்லை என்ற பொருளில் பேசியதாகப் பதிவு இருக்கிறது. தாய்வழி ஊரில் உருகுவார், கணக்கு என்று வந்தால் தள்ளி நிற்பார். இந்த இரட்டைக் குணம் அதற்குப் பிறகு வந்த அத்தனை பேரிடமும் உண்டு.

பழைய வானொலி: ஐயா, இரண்டாம் உலகப் போரில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் நடுக்கடலில் ரகசியமாகச் சந்தித்தார்கள் என்பார்களே, அது உண்மையா?

உண்மை. நடுக்கடல் அல்ல, நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் பிளசென்ஷியா விரிகுடா. 1941 ஆகஸ்ட். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பொட்டோமாக் என்ற தன் உல்லாசப் படகில் மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வழியில் அகஸ்டா என்ற போர்க்கப்பலுக்கு மாறிக்கொண்டார். படகு மட்டும் அதிபர் மாதிரி வேஷம் போட்ட ஆளைத் தளத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கரையில் நிற்பவர்கள் பார்க்கும்படி கேப் காட் கால்வாய் வழியாகப் போனது. பத்திரிகைக்காரர்கள் ஏமாந்தார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலில் இரண்டு நாட்டு மாலுமிகளும் கலந்து நின்று பிரார்த்தனை. இளம்பிள்ளை வாதத்தால் கால் வராத ரூஸ்வெல்ட், காலில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு மகனின் கையைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாக அந்தக் கப்பலில் ஏறினார். சக்கர நாற்காலியில் போயிருக்கலாம். நடந்தார். நான்கே மாதத்தில், டிசம்பர் 10-ம் தேதி, ஜப்பான் விமானங்கள் அதே கப்பலை மலாயா கடலில் மூழ்கடித்துவிட்டன. அன்று சேர்ந்து பாடிய பையன்களில் பலர் அதில் போனார்கள்.

அங்கே உருவான அட்லாண்டிக் சாசனத்தில் ஒரு வரி: எல்லா மக்களுக்கும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. இந்தியாவில் படித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். செப்டம்பரில் சர்ச்சில் பாராளுமன்றத்தில் எழுந்து, இது நாஜிகள் பிடித்த ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்து எழுதியது, இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் வேறு கணக்கு என்று சொல்லிவிட்டார். ரூஸ்வெல்ட் அவ்வப்போது முணுமுணுத்தார், அதற்கு மேல் நெருக்கவில்லை.

ரயிலடி: 'விசேஷ உறவு' என்கிறார்களே, அப்படி என்ன விசேஷம்? எனக்கு எல்லாம் வேஷமாகத்தான் தெரிகிறது அண்ணே.

பாதி சரி தம்பி. அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது சர்ச்சில், 1946 மார்ச்சில் மிசௌரி மாநிலத்தின் ஃபுல்டன் ஊரில் பேசியபோது. உளவுத் தகவல், அணு ஆயுதம், ராணுவத் தளங்கள் ஆகியவற்றில் இரண்டு நாடுகளும் வேறு யாரோடும் இல்லாத அளவுக்கு நெருக்கம். அது வேஷம் இல்லை. ஆனால் விருந்து சாப்பிட்ட நன்றிக்காக யாரும் விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இரண்டே சம்பவம் சொல்கிறேன்.

1956, சூயஸ். எகிப்து கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதும் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு ரகசியமாகக் கைகோத்துப் படையெடுத்தன. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மூச்சுவிடவில்லை. தேர்தல் வாரம் வேறு. மனுஷன் கொதித்துப்போனார். அவர் படை அனுப்பவில்லை, பணத்தில் கை வைத்தார். பவுண்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தது, பன்னாட்டு நிதியத்தில் கடன் வாங்க அமெரிக்கா வழிவிடவில்லை. பாராசூட் வீரர்கள் இறங்கிய மறுநாளே, நவம்பர் 6-ம் தேதி, பிரதமர் ஈடன் சண்டையை நிறுத்தச் சம்மதித்தார். ஜனவரியில் பதவியும் போனது.

அடுத்தது கரீபியக் கடலில் உள்ள கிரெனடா. 1982 ஜூனில் அதிபர் ரீகன் விண்ட்சரில் தங்கி, எலிசபெத் ராணியோடு ஜோடியாகக் குதிரை ஓட்டினார். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. பதினாறு மாதம் கழித்து, அதே ராணியை நாட்டுத் தலைவராகக் கொண்ட கிரெனடா தீவுக்குள் அமெரிக்கப் படை புகுந்தது. பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. மறுநாள் ரீகன் போன் செய்தார். நேரில் வந்தால், வரவேற்பு எப்படி இருக்கும் என்று பார்க்க முதலில் தொப்பியை வாசல் வழியே எறிந்துவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று குழைந்தார். அந்த ஒலிப்பதிவு பிற்பாடு வெளியானது. தாட்சர் குரலில் உஷ்ணம் குறையவே இல்லை. பாராளுமன்றத்தில் விவாதம் நடக்கிறது, நான் போகணும் என்று முடித்துக்கொண்டார்.

அடுப்படி அரசி: சார், ராணி ஒரு அமெரிக்க அதிபருக்குச் சமையல் குறிப்பு அனுப்பினாராமே? கதையா நிஜமா?

நிஜம் அம்மா, எனக்கு மிகப் பிடித்த ராஜதந்திர ஆவணம் அதுதான். சூயஸ் கசப்பெல்லாம் ஓய்ந்து 1959 ஆகஸ்டில் ஐசன்ஹோவர் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகைக்குப் போனார். அங்கே ராணி 'டிராப் ஸ்கோன்' கொடுத்திருக்கிறார். நம் ஊர் குட்டி ஊத்தப்பம் அளவு, இனிப்பாக இருக்கும். மறு ஜனவரியில் செய்தித்தாளில் அதிபர் பார்பெக்யூ அடுப்பின் முன்னால் நிற்கும் படத்தைப் பார்த்ததும், தருவதாகச் சொன்ன குறிப்பு ராணிக்கு ஞாபகம் வந்து, 1960 ஜனவரி 24 தேதியிட்ட கடிதத்தோடு அனுப்பினார்.

மாவு நாலு டீ கப், பால் இரண்டு கப், முட்டை இரண்டு, சர்க்கரை நாலு மேஜைக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் இரண்டு, சமையல் சோடா இரண்டு தேக்கரண்டி, கிரீம் ஆஃப் டார்ட்டர் மூன்று. பதினாறு பேருக்கான அளவு. ஆள் குறைந்தால் மாவையும் பாலையும் மட்டும் குறைப்பேன், மற்றது அப்படியே என்கிறார். பாட்டிமார் கைக்கணக்கு! சர்க்கரைக்குப் பதில் பாகு ஊற்றியும் பார்த்தாராம். நன்றாக அடிக்க வேண்டும், அடித்த மாவை ரொம்ப நேரம் வைக்கக் கூடாது என்பது கடைசிக் குறிப்பு. மாவு புளிக்கும் வரை காத்திருக்கும் நமக்கு இது வராது. என் மனைவி செய்து பார்த்தார், முதல் ஈடு கல்லோடு ஒட்டிக்கொண்டது.

கும்பகோணத்தார்: எல்லா அதிபரும் லண்டன் போகிறார்கள், சிலரை மட்டும் அரசுமுறைப் பயணம் என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

யார் கூப்பிடுகிறார்கள் என்பதில். அரசுமுறைப் பயணத்துக்கு மன்னர் பெயரில் அழைப்பு போகும், யாரை அழைப்பது என்று முடிவு செய்வது அரசாங்கம். குதிரை வண்டி, அணிவகுப்பு, கிரீடம் வைத்த விருந்து எல்லாம் உண்டு. மற்றவை வேலைக்காக வந்துபோவது. முழு மரியாதையோடு போன அமெரிக்கர்கள் மூன்றே பேர்: ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2003, ஒபாமா 2011, ட்ரம்ப் 2019. ட்ரம்ப்புக்கு மட்டும் 2025 செப்டம்பரில் இரண்டாம் முறை. சார்ல்ஸ் மன்னரின் கடிதத்தைப் பிரதமர் ஸ்டார்மர் சட்டைப்பையிலிருந்து எடுத்து வெள்ளை மாளிகையில் கேமராக்கள் முன்னால் நீட்டினாரே, அது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவிடம் இல்லாத சரக்கு பிரிட்டனிடம் ஒன்றுதான் இருக்கிறது: அரண்மனை. அதை வியாபாரத்துக்கு நன்றாகவே பயன்படுத்துகிறார்கள்.

ராணியைச் சந்திக்காதவர் லிண்டன் ஜான்சன். எலிசபெத் ராணி, ட்ரூமன் முதல் பைடன் வரை பதினாலு அதிபர்களில் அவரைத் தவிர எல்லோரையும் சந்தித்திருக்கிறார். வியட்நாமுக்குப் படை அனுப்பப் பிரிட்டன் மறுத்ததில் ஜான்சனுக்குக் கடுப்பு இருந்தது.

யாழ்ப்பாணத்துப் பனை: வணக்கம் ஐயா. டியாகோ கார்சியா பிரித்தானியாவின்ர தீவுதானே, அதில அமெரிக்கா எப்பிடி வந்து குந்தினது? எங்கட சனமும் அங்க அகப்பட்டுக் கிடந்தவை.

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் உள்ள அந்தத் தீவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க 1966-ல் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை. வாடகை என்று காசு வாங்கவில்லை. பிரிட்டன் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைகளின் விலையில் 1.4 கோடி டாலரைச் சத்தமில்லாமல் தள்ளிக் கொடுத்தார்கள், அமெரிக்க காங்கிரசுக்கே சொல்லவில்லை. டியாகோ கார்சியாவும் சேர்ந்த சாகோஸ் தீவுகளில் பரம்பரையாக இருந்த மக்களை 1973-க்குள் மொரீஷியசுக்கும் சீஷெல்சுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். விசேஷ உறவுக்கு மற்றவர்கள் கொடுத்த விலை அது.

நீங்கள் சொல்லும் ஈழத் தமிழர் படகு 2021 அக்டோபரில் அங்கே சேர்ந்தது. கூடாரங்களில் மூன்று வருஷம். அவர்கள் வழக்கை விசாரிக்க 2024-ல் நீதிபதியும் வழக்கறிஞர்களும் தீவுக்குக் கிளம்பியபோது, பாதுகாப்புக் காரணம் சொல்லி அமெரிக்கா முதலில் மறித்துவிட்டது. சொந்த வீட்டுக்குள் போக வாடகைக்கு இருப்பவரிடம் அனுமதி! செப்டம்பரில்தான் விசாரணை நடந்தது. அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று டிசம்பரில் தீர்ப்பு. பெரும்பாலோரை அந்த மாதமே பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள்.

மாம்பலம் 33: கடைசியாக ஒன்று சார். லண்டனில் அமெரிக்கத் தூதரகம் ரோட்டு வரி கட்டுவதில்லையாமே?

ஆமாம். 2003-லிருந்து நகரின் மையப்பகுதிக்குள் கார் ஓட்டக் கட்டணம் உண்டு. இது வரி, தூதரகங்களுக்கு வரி கிடையாது என்கிறது அமெரிக்கா. இது சேவைக் கட்டணம், எடு பணத்தை என்கிறது லண்டன். 2011-ல் ஒபாமா விருந்துக்கு வந்தபோது மேயர் போரிஸ் ஜான்சன் நேரிலேயே கேட்டுப் பார்த்தார், பைசா வரவில்லை. 2024-ல் வெளியான பாக்கிப் பட்டியலில் அமெரிக்கா 1.4 கோடி பவுண்டுக்கு மேல், முதலிடம். இரண்டாவது ஜப்பான். மூன்றாவது யார் என்று கேட்காதீர்கள், நாம்தான்.