சிவாஜி அடக்கி வாசித்தது எப்போது?

கேள்வி: ‘முதல் மரியாதை’யை மறுபடியும் பார்த்தேன். சிவாஜி இயல்பாக நடித்தது இந்த ஒரு படத்தில் மட்டும்தான், மற்றதெல்லாம் மிகை நடிப்பு என்கிறேன். ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: படம் அருமை என்பது வரை சரி. ‘மட்டும்தான்’ என்கிறீர்களே, அங்கேதான் தகராறு.

1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ‘நலந்தானா’ பாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். சிவாஜி வாய் திறந்து பேச வழியே இல்லை. வாயில் நாதஸ்வரம். கத்திக்குத்துப் பட்டுத் தேறிவந்த மனிதரை, ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறார் பத்மினி. பதில் சொல்ல இவரிடம் இருப்பது கண்ணும் புருவமும் உப்பிய கன்னமும்தான். வாசித்தது மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் என்று தெரிந்தும், அந்த மூச்சு இவருடையது என்றே நமக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் தவிலோடு டி.எஸ். பாலையா. அந்த இருவருக்கும் நடுவில் ஓடுவது என்னவென்று புரிந்துகொண்டு கலங்கும் அவர் முகத்தைத் தனியாக ஒருமுறை பார்க்கலாம். இதில் எங்கே ஐயா மிகை?

‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சியைத்தான் அடுத்து எடுத்துக்காட்டுவீர்கள். கலைஞர் எழுதிய அந்த அடுக்கு வசனத்தை முணுமுணுத்திருந்தால் நாமே எழுந்து போயிருப்போம். கடைசி வரிசைக்கும் குரல் எட்டியாக வேண்டிய நாடக மேடையில் சின்ன வயதிலிருந்தே பழகியவர் அவர். வசனம் கேட்டதைக் கொடுத்தார். தேவையில்லாத இடத்தில் சத்தம் போட்ட படங்களும் உண்டுதான். அவற்றுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசையில்லை.

1985-இல் ‘முதல் மரியாதை’யில் பாரதிராஜா கொடுத்தது வேறு மாதிரியான ஆள். ஊரே மதிக்கும் பெரிய மனிதர், வீட்டுக்குள் மதிப்பில்லை. அப்படிப்பட்டவருக்குப் பேச்சு குறைவாகத்தான் இருக்கும். படகோட்டும் பெண் குயிலின் குடிசையில் மீன்குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிடும் இடத்தில், வீட்டில் அவருக்குக் கிடைக்காதது என்னவென்று வசனமே இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கு ருசி வரக் காரணம் இன்னொருவர். அவரை நீங்கள் சொல்லவே இல்லை. மனைவி பொன்னாத்தாவாக வந்த வடிவுக்கரசி! அப்போது அவருக்கு இருபதுகளில்தான் வயது. ஐம்பதைத் தாண்டிய, அதுவும் சிவாஜி என்ற பெயருள்ளவரை, எதிரே நின்று வாய்க்கு வந்தபடி ஏசவேண்டும். கொஞ்சம் பயந்திருந்தாலும் படம் படுத்திருக்கும். அவர் பயப்படவில்லை. இன்னொருவன் பிள்ளையைச் சுமந்துகொண்டு கழுத்தை நீட்டியவள் என்பது பிறகு தெரியவரும்போது, அத்தனை நேரம் கேட்ட வசவுக்கும் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. அவர் இப்படிக் கொட்டியதால்தான் சிவாஜியால் சும்மா இருக்க முடிந்தது. நீங்கள் ‘இயல்பு’ என்று மெச்சுவதில் பாதி அந்த அம்மாளின் உழைப்பு.

அப்புறம் குயில். துடுக்கும் பாசமுமாக வளையவந்தது ராதா. குரல் கொடுத்தது ராதிகா. பலர் கவனிப்பதே இல்லை, அவ்வளவு பொருத்தம். அடுத்த கடிதத்தில் ராதாவைப் புகழ்ந்து எழுதுவதாக இருந்தால், ராதிகாவின் பங்கையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.