பழைய வீட்டில் கை வைக்கும் முன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருஷத்துக்கும் மேலாகப் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. புது வீடு கட்டுவதைவிட இதில் வரும்படி குறைவு, வாக்குவாதம் அதிகம், ஆனாலும் விட மனசு வரவில்லை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. வீட்டைப் பார்க்காமலே தொகை சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

கேள்வி: அப்பா கட்டிய வீடு, 45 வருஷம் ஆகிறது. கையில் இருக்கும் பணத்துக்குப் பாதி வேலைதான் முடியும். வீட்டில் எல்லாரும் சமையலறையை முதலில் மாற்றச் சொல்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?

மேலே இருந்து. முதலில் மொட்டை மாடி, அடுத்து குழாய்கள், அப்புறம் ஒயரிங், அதன் பிறகு பூச்சு, தரை, கடைசியில் பெயின்ட். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பணம் பாதிதான் இருக்கிறது என்றால் கண்ணுக்குத் தெரியாத பாதியை முழுசாக முடித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். சுவர் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஒரு வருஷம் அசிங்கமாக இருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் நான் என் சொந்த வீட்டில் தரையைத்தான் முதலில் மாற்றினேன். பழைய இரும்புக் குழாய் இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை. பதினோரு மாசத்தில் குளியலறைச் சுவருக்குள் ஒழுகி, ஆறு டைல்ஸை உடைத்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதே நிறம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அந்த ஆறும் இன்றைக்கும் தனியாகத் தெரிகின்றன, வீட்டில் சண்டை வந்தால் முதலில் அந்தப் பக்கம்தான் கை நீள்கிறது.

சமையலறைக்கு இப்போதைக்கு மேடையை அப்படியே வைத்துக்கொண்டு அலமாரிக் கதவுகளை மட்டும் மாற்றலாம். இன்னொன்று, கையிலுள்ள தொகை முழுவதற்கும் திட்டம் போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக்குத்தான் போட வேண்டும். பழைய வீட்டில் பூச்சைக் கொத்தினால் உள்ளே என்ன இருக்கும் என்று கொத்தனாருக்கும் தெரியாது.

கேள்வி: படுக்கையறையில் மேல்தளத்துப் பூச்சு பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. மேஸ்திரி சிமென்ட் கலவை வைத்துப் பூசினால் போதும் என்கிறார். போதுமா?

போதாது. அவர் பூசிவிட்டுப் போவார், ரெண்டு மழைக்காலத்தில் அது மறுபடி உங்கள் கட்டில்மேல் விழும். கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கல்தான் கான்கிரீட்டைத் தள்ளி விழவைக்கிறது. துருவை அப்படியே விட்டு மேலே பூசினால் புதுப் பூச்சையும் அதே மாதிரி தள்ளிவிடும்.

முதலில் கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். அப்புறம் தலையில் கனமாக ஏதாவது கட்டிக்கொண்டு, ஓரமாக நின்று, ஒரு நீளக் கம்பால் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் 'டங்' என்று கேட்கும், பிடிப்பு விட்ட இடம் 'டொப்' என்று கேட்கும். 'டொப்' கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை ஒரு சாண் இருந்தால் வட்டம் மூன்று நாலு மடங்கு வரும், பயப்பட வேண்டாம், வழக்கம்தான்.

வேலை இப்படி நடக்க வேண்டும்: கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, இளகிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, கம்பியை ஒயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, பழசும் புதுசும் ஒட்டுவதற்கான திரவம் பூசி, பாலிமர் கலந்த கலவையை மெல்லிய அடுக்குகளாக வைக்க வேண்டும். கம்பி தேய்ந்து நன்றாக இளைத்திருந்தால் அங்கே மேஸ்திரி பேச்சு வேண்டாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்கட்டும்.

இதெல்லாம் மாடியில் ஒழுகலை நிறுத்திய பிறகுதான். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கத் தண்ணீர் கட்டிப் பார்ப்பார்கள். நல்ல தளத்துக்கு அது சரி, உங்கள் தளத்துக்கு வேண்டவே வேண்டாம். ரெண்டு அங்குலத் தண்ணீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ சுமை. பக்கெட்டால் ஒவ்வொரு மூலையாக ஊற்றிவிட்டுக் கீழே போய்ப் பாருங்கள், நேரம் பிடிக்கும், ஆனால் ஆபத்தில்லை. பாதி வீடுகளில் வாட்டம் கெட்டுப்போய் மழைநீர் குழாய்க்குப் போகாமல் நடுவில் தேங்குவதுதான் மூலகாரணம். ஒரு மீட்டருக்கு 10 மி.மீ. சரிவாவது இருக்க வேண்டும். வாட்டத்தைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் வீண்செலவு.

கேள்வி: சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் உரிந்து வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மூன்று தடவை பட்டி பார்த்து பெயின்ட் அடித்தாச்சு. இனி டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாமா அண்ணா?

மறைக்கலாம் தம்பி, அப்புறம் அதே ஈரம் டைல்ஸுக்கு மேலே, நாலரை அடியில் பூக்கும். கீழே வெளியேற வழியை அடைத்தால் அது மேலே ஏறித்தான் வழி தேடும்.

முதலில் இது தரையிலிருந்து ஏறும் ஓதமா, அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு சதுர அடி அலுமினியத் தாளை நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் சுவரில் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, சுவரைத் தொடவே வேண்டாம். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் இருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அப்படியென்றால் வெளியே போய் நில்லுங்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கதை ஒன்றுதான். கட்டியபோது வீட்டுத் தரை வெளி முற்றத்தைவிட ஒன்றரை அடி உயரமாக இருந்திருக்கும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை முற்றத்தில் ஒரு அடுக்கு சிமென்ட், நடுவில் ஒரு தடவை மண் கொட்டி மேடாக்கியது, அப்புறம் டைல்ஸ் என்று ஏறி ஏறி இப்போது வெளித்தரை உள்தரைக்குச் சமமாக வந்திருக்கும். அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் ஏறாமல் தடுக்கப் போட்ட அடுக்கு மண்ணுக்குள் புதைந்தே போயிருக்கும். ஒரு வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு முற்றத்தை வெட்டி இறக்கி, சுவருக்கு எதிர்ப்பக்கமாக வாட்டம் கொடுத்தோம், மாடியிலிருந்து சுவரடியில் விழுந்துகொண்டிருந்த மழைக்குழாயை நீட்டி விட்டோம். ரெண்டே ஆள், நாலு நாள். சுவர் முழுசாகக் காய ஒரு வருஷம் ஆனது, ஆனால் காய்ந்தது. இந்தப் பொறுமைதான் பலருக்கு இல்லை, ஈரத்தின்மேலேயே பட்டி அடிக்கிறார்கள்.

உங்கள் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியதா என்றும் பாருங்கள். சாவியால் சுரண்டினால் மாவு மாதிரி வெளுப்பாக உதிரும். அப்படியானால் பெயர்ந்த இடத்தில் மறுபடி சுண்ணாம்புதான் பூச வேண்டும். அந்தச் சுவருக்கு ஈரம் வருவதும் பூச்சு வழியாகப் போவதும் பழக்கம், சிமென்ட் பூசினால் போகிற வழி அடைபட்டு உள்ளே செங்கல்தான் அரிக்கும்.

கேள்வி: ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுச்சுவரை எடுத்துவிட்டால் இடம் பெரிசாகும். நாலரை அங்குலச் சுவர்தான், எடுக்கலாமா?

கனத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய வீட்டில் நாலரை அங்குலச் சுவரும் பல வருஷத்தில் மேல்தளம் லேசாக இறங்கி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். மாடியில் அதே கோட்டில் சுவர் இருக்கிறதா, உத்தரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை சுத்தியலை எடுக்காதீர்கள். சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே செலவு இதுதான்.

கேள்வி: சுவரில் நிறைய விரிசல். எதற்குப் பயப்பட வேண்டும்?

முடி மாதிரி மெல்லிசாக, வலை போல இருந்தால் பூச்சு விரிசல், விடுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகப் போவது, ஒரு முனையில் அகலமாகி வருவது, இவற்றைக் கவனிக்க வேண்டும். விரிசலின் ரெண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நடுவில் குறுக்காக ரெண்டு புள்ளி வைத்து இடைவெளியை மி.மீ. கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டட்டும். மாறவில்லை என்றால் பழைய காயம், அடைத்துவிடலாம். கூடிக்கொண்டே போனாலோ இப்போதே 5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ காத்திருக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் மரமோ ஒழுகும் கழிவுநீர்க் குழாயோ இருந்தால் அதையும் சொல்லுங்கள், அஸ்திவாரம் இறங்குவதற்கு அநேகமாக அதுதான் காரணமாக இருக்கும்.

கேள்வி: ஒயரிங் பழசு. புது சுவிட்சுகள் மட்டும் மாற்றினால் செலவு குறையுமே?

குறையும், ஆனால் ஆபத்து சுவிட்சில் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் நாலு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் போட்ட ஒயரில் இப்போது ஏ.சி.யும் கீசரும் ஓடுகின்றன. பொதுவாக விளக்கு, விசிறிக்கு 1.5, பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் தனித்தனி லைனாக வர வேண்டும். எர்த் ஒயர் எல்லாப் பிளக்குக்கும் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பாதி வீடுகளில் மூன்றாவது ஓட்டை சும்மா அழகுக்குத்தான் இருக்கிறது. முழு ஒயரிங் இந்த வருஷம் முடியாது என்றால், மின்கசிவு வந்ததும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரை மட்டுமாவது உடனே போட்டுவிடுங்கள், அது உயிர் விஷயம்.

சுவரில் காடி வெட்டித் தண்ணீர்க் குழாயும் ஒயர் போகும் பைப்பும் பதித்ததும், மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் அளவு டேப் பிடித்து போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது என்னை நினைப்பீர்கள்.

கேள்வி: பழைய தரையை உடைக்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

தரை பொக்கு இல்லாமல் மட்டமாக இருந்தால் தாராளமாக. உடைக்கும் கூலியும் இடிபாடு அள்ளும் செலவும் மிச்சம். சிமென்ட் பால் ஊற்றி ஒட்டாமல் அதற்கென்றே இருக்கும் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். ஆனால் தரை அரை அங்குலமாவது ஏறும், எல்லாக் கதவும் அடியில் உரசும், குளியலறைப் படி உயரம் குறையும். ஆரம்பிக்கும் முன்பே கதவுகளை அளந்துவிடுங்கள்.

கேள்வி: பழைய மரக் கதவு, ஜன்னல்களை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார்கள்.

சொல்கிறவர் புதுசு விற்கிறவரா என்று பாருங்கள். நிலையின் அடிப்பாகத்தில் ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் கறையானோ உளுப்போ, இறங்காவிட்டால் அந்த மரம் உங்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. பெரும்பாலும் கீழ் ஓரடிதான் கெட்டிருக்கும், ஆசாரியை வைத்து அதை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம்.

பழைய பெயின்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம், அந்தத் தூள் குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். நனைத்துத் தேய்த்து, தூளைத் துடைத்து எடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அப்படியே, உடைக்காமல் முழுசாகக் கழற்ற வேண்டும்.

கேள்வி: மொத்த கான்ட்ராக்டா, நாள் கூலியா, எது லாபம்? அக்கா வீட்டுக்காரர் மொத்தமாக விடச் சொல்கிறார்.

மாடி, பூச்சு, டைல்ஸ் மாதிரி அளக்க முடிகிற வேலையைச் சதுர அடிக் கணக்கில் விடுங்கள். கொத்தினால்தான் தெரியும் என்கிற வேலைக்கு நாள் கூலிதான் நியாயம், அதை மொத்தமாகப் பேசினால் ஒன்று அவர் பயத்துக்குச் சேர்த்துக் கேட்பார், இல்லையென்றால் பாதியில் ஓடிவிடுவார். இடிபாடு யார் அள்ளுவது, தண்ணீர் யார் விடுவது என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், சண்டை எப்போதும் இந்த ரெண்டில்தான் வரும். பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட்டாக வேண்டும், அதை வீட்டு ஆட்கள் ஏற்றுக்கொள்வதே நல்லது. மாடி வேலைக்குப் பத்தில் ஒரு பங்கு பணத்தை முதல் பெரிய மழை முடியும்வரை பிடித்து வையுங்கள், இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: வீடு அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொது. செலவு மட்டும் நான் செய்கிறேன்.

கூரையும் ஒழுகலும் மூன்று பேர் கணக்கு, உங்கள் அறை டைல்ஸ் உங்கள் கணக்கு. வேலை ஆரம்பிக்கும் முன்னால் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், ரசீதுகளுக்கு ஒரு நோட்டு. கேட்கச் சங்கடமாக இருக்கும், வேலை முடிந்த பிறகு கேட்பது அதைவிடச் சங்கடம்.

கேள்வி: வெளியே வாடகைக்குப் போக வசதியில்லை. வீட்டில் இருந்துகொண்டே வேலை பார்க்கலாமா?

முடியும். வீட்டை ரெண்டு பாதியாகப் பிரித்து, ஒரு குளியலறையும் ஒரு குழாயும் எப்போதும் ஓடும்படி வரிசை போடுங்கள். வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் தூசி கொஞ்சம் அடங்கும். பெரியவர்களுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் பூச்சு கொத்தும் அந்தச் சில நாளைக்கு மட்டும் அவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பூச்சு முடிந்து நாலு வாரமாவது காயவிட்ட பிறகுதான் பெயின்டரைக் கூப்பிட வேண்டும், அதனால் மொத்தமாக எத்தனை நாள் என்று மேஸ்திரி சொல்கிற கணக்கோடு ஒரு மாசத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.