அலை தூக்குனா எஞ்சினை அடக்குறது யாரு?

கேள்வி: எங்க வல்லத்துல ஒத்தை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். வாடைக்காத்து நேரத்துல அலை பின்பக்கத்தைத் தூக்கி, விசிறி தண்ணிக்கு மேல வந்ததும் ஒரு கத்து கத்திட்டு அதுவாவே அடங்கிரும். இப்போ கொஞ்ச நாளா நங்கூரம் போட்டு சும்மா ஓடவிட்டாலும் ஏறி ஏறி இறங்குது. ஃப்ளைவீல் போயிருச்சா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஃப்ளைவீலா இருக்காது தம்பி. உங்க எஞ்சின்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடி, மத்த நேரம் அந்த வீலோட கனம்தான் இழுத்துட்டுப் போகுது, அதோட வேலை அம்புட்டுதான். விசிறி தண்ணிய விட்டு வெளிய வந்து லோடு சட்டுனு போனா வேகத்தைப் பிடிச்சு நிறுத்துறது கவர்னர். அதுக்குள்ள ரெண்டு கனமான குண்டு எஞ்சினோட சேர்ந்து சுத்தும், வேகம் ஏறுனா வெளிய விரியும், விரியிறப்ப ஸ்பிரிங்கை எதிர்த்து, டீசல் பம்புல அளவைக் கூட்டிக் குறைக்கிற கம்பியை, அதாவது ராக்கைத் தள்ளி டீசலைக் குறைக்கும். குண்டு ஒரே இடத்துல இருந்தா வேகம் பத்து சதவீதம் கூடுறதுக்கே விரியிற பலம் 21 சதவீதம் கூடிரும், அதனாலதான் உங்க கை லிவருக்குப் போறதுக்குள்ள அது முந்திக்குது. வேகம் இறங்குனா ஸ்பிரிங் குண்டை உள்ள தள்ளி டீசலைத் திரும்பக் கூட்டும்.

இப்ப ஏறி இறங்குறதை மெக்கானிக்குங்க ஹன்டிங்னு சொல்வாங்க. ராக் இறுகிப்போனாலோ, கவர்னரையும் ராக்கையும் இணைக்கிற லிங்க்ல பின் தேஞ்சு ஆடுனாலோ, கவர்னர் தள்ளுறது உடனே போய்ச் சேராது, அது போய்ச் சேருறப்ப வேகம் எல்லை தாண்டியிருக்கும், உடனே அதிகமா குறைக்கும், அப்புறம் அதிகமா கூட்டும், இப்படியே ஆடிக்கிட்டே இருக்கும். நீராவி எஞ்சினுக்கு 1788ல ஜேம்ஸ் வாட் கவர்னர் வச்சதுக்கு அப்புறமும் இதே தொல்லை இருந்துச்சு, எந்த ஆட்டம் தானா அடங்கும் எது பெருசாகிட்டே போகும்னு 1868ல மேக்ஸ்வெல்ங்கிற இயற்பியல் விஞ்ஞானி கணக்கு போட்டு எழுதுனாரு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது, கரையில சத்தம் போடுற எஞ்சினுக்கும் அந்தக் கணக்குதான்.

முதல்ல டீசல் லைன்ல காத்து இருக்கான்னு பாத்து எடுத்துருங்க, அதுவும் இதே மாதிரி ஆட்டும். அப்புறம் எஞ்சினை நிறுத்திட்டு ராக்கை கையால தள்ளிப் பாருங்க, லேசா நகரணும். உப்புக்காத்துல துரு பிடிச்சு இறுகியிருந்தா சுத்தம் பண்ணி எண்ணெய் விடுங்க. ஸ்பிரிங்கை முறுக்கியோ கவர்னரைக் கழட்டியோ மட்டும் பாக்காதீங்க, டீசல் எஞ்சின்ல வேகத்தை அடக்குறது டீசல் அளவு ஒண்ணுதான், கவர்னர் இல்லாம லோடும் போச்சுன்னா உடையிற வரைக்கும் வேகம் ஏறும். பின் தேஞ்சிருந்தா மாத்திட்டு, அடுத்த தடவை கடலுக்குப் போறதுக்கு முன்னாடி கரையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்க.